பாம்பு போகவில்லை, பணம்தான் போனது! விலங்கு விரட்டிகளும் விளம்பர வித்தைகளும்

தங்கா பத்து - மலாக்கா உருவான கதையே ஒரு விரட்டலில்தான் தொடங்குகிறது. மரத்தடியில் ஓய்வெடுத்த பரமேஸ்வரா, தம்முடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எட்டி உதைத்துத் தள்ளியதைக் கண்டு வியந்து, இங்கேயே நகரம் அமைக்க முடிவு செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. அந்தச் சருகுமானுக்குச் சோலார் தகடும் இல்லை, பேட்டரியும் இல்லை, '100 விழுக்காடு உத்தரவாதம்' என்ற சிவப்பு முத்திரையும் இல்லை.

அறுநூறு ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில் விலங்குகளை விரட்டுவது ஒரு பெரிய வியாபாரமாகிவிட்டது. இரவுச் சந்தையில் ஒரு மேசை, கைப்பேசியில் ஒரு காணொளி, வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் என எல்லா வழியிலும் விற்பனை நடக்கிறது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடமைப்புப் பகுதிகள் பெருகிய தங்கா பத்து, பாயா ரும்புட், சுங்கை ஊடாங் போன்ற வட்டாரங்களில் பாம்பு, குரங்கு, எலி, காட்டுப்பன்றி பற்றிய பயம் கற்பனையல்ல. லயத்து வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்கு மாறி வந்தாலும், பாம்பு வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டா வருகிறது? அந்தப் பயத்தைத்தான் விளம்பரங்கள் காசாக்குகின்றன.

இவற்றில் எது வேலை செய்யும், எது வெறும் வேடிக்கை, எது ஆபத்து என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரே பெட்டி, ஒன்பது எதிரிகள்

அதிகம் விற்பது சுவர் மின்செருகியில் மாட்டும் சிறிய வெள்ளைப் பெட்டி. நீல விளக்கு எரியும். மனிதக் காதுக்கு எட்டாத 'அல்ட்ராசோனிக்' ஒலியை அனுப்பி எலி, கரப்பான், கொசு, எறும்பு, சிலந்தி, பல்லி, வௌவால், அணில், பாம்பு அனைத்தையும் ஓட்டிவிடும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். படத்தில் பெட்டியிலிருந்து கிளம்பும் வளையங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு மூன்று அறைகளுக்குப் பாயும். எலி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மூட்டை முடிச்சோடு ஓடும்.

முதல் சிக்கல் அந்தச் சுவர். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலி காற்றில் விரைவாகத் தேய்ந்துவிடும். சுவரைத் தாண்டாது, அலமாரியையும் சோபாவையும்கூடத் தாண்டாது. எலி குடியிருப்பதோ அந்த அலமாரிக்குப் பின்னால்தான்.

இரண்டாவது சிக்கல் அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது: 'நாய், பூனைகளுக்குப் பாதிப்பில்லை.' நாய் ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும் பூனை 64,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கக்கூடியவை. எலியைத் துரத்தும் சத்தம் பூனைக்கும் கேட்கும். பூனை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சுருண்டு தூங்குகிறது என்றால், எலி மட்டும் ஏன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்? சிலந்திக்கும் எறும்புக்கும் நம்மைப் போன்ற காதே கிடையாது. காதில்லாதவரை அதட்டி விரட்டுவதாகச் சொல்லும் துணிச்சல் விளம்பரத்துக்கு மட்டுமே உண்டு.

இது புதிய ஏமாற்றும் அல்ல. அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும், விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பூச்சியும் எலியும் ஓடும் என்று சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்பதே அதன் சாரம். கொசுவைப் பற்றிய முடிவு இன்னும் தெளிவானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2007இல் 10 கள ஆய்வுகளை அலசிப் பார்த்து, ஒலி எழுப்பும் கொசு விரட்டிகள் கொசுக்கடியைக் குறைப்பதில்லை என்று அறிவித்தது. டிங்கி காய்ச்சல் ஆண்டு முழுவதும் மிரட்டும் நாட்டில் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியல்ல. பெட்டி எரிகிறது என்ற நம்பிக்கையில் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டாமல் விட்டால், அந்த நீல விளக்கின் வெளிச்சத்தில் கொசு வசதியாக முட்டையிடும்.

மகுடி கேட்காத பாம்புக்கு மின்குச்சி

அடுத்தது, புல்வெளியில் குத்தி வைக்கும் சோலார் குச்சி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'ஞொய்' என்று அதிரும். பாம்பு பயந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்பது விளம்பரம். அடுத்த வீட்டுக்காரரும் ஒரு குச்சி வாங்கினால் பாம்பு எங்கே போகும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது; ஆனால் உட்காது உண்டு. அது தாடை எலும்போடு தொடர்புடையது. அதனால் தரையின் அதிர்வையும், தாழ்ந்த ஒலிகளையும் பாம்பு உணரும். அதன் கேள்விப் புலம் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் கீழேதான். ஆகவே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கும் சுவர்ப் பெட்டி பாம்புக்குச் சுத்தமாகக் கேட்காது. அதிரும் குச்சியைப் பாம்பு உணரலாம். ஆனால் உணர்வது வேறு, ஓடுவது வேறு. நெடுஞ்சாலை ஓரத்திலும், லாரி ஓடும் செம்பனைத் தோட்டத்துப் பாதையிலும் குடியிருக்கும் பாம்புக்கு ஒரு குச்சியின் முனகல் பெரிய சங்கதியா?

உப்பும் கந்தகமும் நம் தாத்தா பாட்டி காலத்துச் சரக்குகள். வீட்டைச் சுற்றிக் கல்லுப்புக் கோடு போட்டால் பாம்பு தாண்டாது என்ற நம்பிக்கை மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லாரிடமும் இருக்கிறது. உப்புப் பட்டால் சுருங்கிச் சாவது நத்தை. அதன் தோல் ஈரமானது. பாம்பின் உடலோ நம் நகத்தைப் போன்ற பொருளாலான செதிலால் மூடியது. கடலில் வாழும் பாம்புகளே உண்டு. மலாக்கா நீரிணையே ஓர் உப்புத் தொட்டிதான். அதிலேயே நீந்துகிற இனத்துக்கு ஒரு பொட்டலம் கல்லுப்பு எம்மாத்திரம்?

வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டுவதும், வேலியோரம் சிறியாநங்கை நடுவதும் தமிழர் வழக்கம். அவற்றால் பாம்பு வராது என்பதற்குச் சான்றில்லை. ஆனால் யாருக்கும் கெடுதலும் இல்லை. கெடுதல் வருவது அடுத்த பொருளில்.

அந்துருண்டையில் மறைந்திருக்கும் ஆபத்து

துணி அலமாரியில் போடும் வெள்ளை அந்துருண்டையை வீட்டு மூலைகளிலும், குளியலறைத் துவாரத்திலும், வாசற்படியிலும் பாம்புக்காகப் போடுகிறார்கள். கந்தகத்தையும் நாப்தலினையும் கலந்து 'பாம்பு விரட்டித் தூள்' என்று தனியாகவும் விற்கப்படுகிறது. அந்துருண்டைகள் பலவற்றில் இருப்பதும் அதே நாப்தலின்தான். பாம்பு இதைக் கண்டு நின்று திரும்பிப் போனதாகச் சோதனைகள் உறுதி செய்யவில்லை.

ஆனால் வீட்டிலிருக்கும் பச்சிளங்குழந்தைக்கு இது நஞ்சாகலாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகள் நாப்தலின் வாடையைச் சுவாசித்தாலோ, அந்த வாடை ஏறிய துணியை அணிந்தாலோ, அவர்களின் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். இதனால்தான் மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதனை செய்கிறார்கள். முடிவைக் குழந்தையின் சுகாதாரக் குறிப்பேட்டில் பார்க்கலாம். குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அந்துருண்டைக்கு இடமே இருக்கக் கூடாது. தவழும் பிள்ளைக்கு அது மிட்டாய் போலவும் தெரியும். வராத பாம்புக்கு வைத்த மருந்து, இருக்கும் குழந்தையைக் கடித்துவிடக் கூடாது.

குரங்குக்குப் புலி வேஷம்

குரங்கு விரட்டியில்தான் மனிதனின் கற்பனை கரைபுரண்டு ஓடுகிறது. ரப்பர் பாம்பு, பிளாஸ்டிக் புலி, காற்றில் மின்னும் பழைய குறுந்தட்டு என வரிசை நீள்கிறது. குரங்கை விரட்ட ரப்பர் பாம்பு வாங்கிக் கூரையில் போட்டு, அதைப் பார்த்துப் பயந்த அண்டை வீட்டார் தீயணைப்புப் படையை அழைத்தால் செலவு யாருடையது?

இந்தியா இதில் நம்மை மிஞ்சிவிட்டது. கர்நாடகாவின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு விவசாயி, காப்பித் தோட்டத்தில் குரங்குத் தொல்லை தாங்காமல் தம்முடைய நாய்க்குப் புலிக் கோடு வரைந்துவிட்ட செய்தி 2019இல் உலகம் சுற்றியது. 2023 செப்டம்பரில் புதுடில்லியில் ஜி20 மாநாடு நடந்தபோது, உலகத் தலைவர்கள் வரும் சாலைகளில் சாதாரணக் குரங்குகளை விரட்ட, கருமுக மந்தியின் ஆளுயர அட்டைப் படங்களை நகராட்சி நிறுத்தியது. அட்டை மட்டும் போதாது என்று, மந்தியைப் போலக் குரல் எழுப்பத் தெரிந்த ஆட்களையும் பணிக்கு அமர்த்தியது. 'மந்திக் குரல்' என்பது அங்கே ஒரு வேலை!

ஜப்பானில் இன்னும் ஒருபடி மேல். ஹொக்காய்டோ தீவிலுள்ள தக்கிகாவா நகரம், கரடிகளை விரட்ட 2020இல் 'மான்ஸ்டர் வுல்ஃப்' என்ற இயந்திர ஓநாயை நிறுத்தியது. கண் சிவப்பாக எரியும், தலை இப்படியும் அப்படியும் திரும்பும், ஊளையிடும், மனிதனைப் போலக் கத்தும், துப்பாக்கிச் சத்தமும் எழுப்பும். இத்தனை விதமான சத்தம் எதற்கு? காரணத்தை அதைச் செய்தவர்கள் நன்றாக அறிவார்கள்: ஒரே சத்தம் என்றால் விலங்கு சீக்கிரம் பழகிவிடும்.

எல்லா விரட்டிகளுக்கும் பொதுவான பலவீனம் இந்தப் 'பழக்கம்'தான். முதல் நாள் புதுப் பொருளைக் கண்டு விலங்கு ஒதுங்கும். வாங்கியவர் மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டு எழுதுவார். இரண்டு வாரத்தில், இதனால் ஒரு தீங்கும் வராது என்று விலங்கு கற்றுக்கொள்ளும். அப்போது யாரும் திரும்பிப் போய் நட்சத்திரத்தைக் குறைப்பதில்லை. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்றார்கள் முன்னோர். செம்பனைக் காட்டுக் குரங்கும் அதே பள்ளியில் படித்ததுதான்.

நம் இலக்கியம் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தது. குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்த பெண்களிடம் தட்டை, குளிர், தழல், கவண் என்று விதவிதமான கருவிகள் இருந்தன. ஆனால் கருவியைக் குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் தூங்கவில்லை. பரண் மீது ஆள் இருந்தது. வள்ளி நாள் முழுவதும் உட்கார்ந்து 'ஆலோலம்' பாடித்தான் கிளியை ஓட்டினாள். அப்படியும் வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டு வந்த முருகனை அவளால் ஓட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு விநாயகர் யானையாக வந்து அவளையே விரட்டினார். எந்த விரட்டிக்கும் 100 விழுக்காடு உத்தரவாதம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒன்றை விரட்டப் போய் இன்னொன்று

நம் நாட்டுக் காக்கையின் கதை இதற்குப் பொருத்தமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுத் தொல்லை பெருகியது. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டு வந்தார்கள் தோட்ட முதலாளிகள். காப்பி போய் இரப்பர் வந்தது, இரப்பர் போய் செம்பனை வந்தது. காக்கை மட்டும் போகவே இல்லை. பிற்காலத்தில் அதே கிள்ளானில் காக்கையைச் சுட ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

சில வழிகள் உயிரையே குடிக்கின்றன. 2020 மே மாதம், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானையொன்று வெடிமருந்து வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது. அவ்வகை வெடிகளைக் காட்டுப்பன்றிக்காக வைப்பது அப்பகுதி வழக்கம். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்தில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடும் வேலி, பன்றிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் பார்க்காது.

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீள்வால் குரங்கும் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். உரிமம் இல்லாமல் சுடுவதோ பிடிப்பதோ குற்றம். சுருக்குக் கம்பி வைப்பதும் குற்றம். வீட்டுக் கூரையில் கும்மாளம் போடும் அந்த நீள்வால் குரங்கை, 2022ஆம் ஆண்டு முதல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அருகிவரும்' இனமாகப் பட்டியலிட்டிருப்பதும் பலர் அறியாத செய்தி.

விளம்பரம் இல்லாத விரட்டிகள்

உண்மையில் வேலை செய்யும் வழிகளுக்கு விளம்பரம் இருப்பதில்லை. விற்க அதில் பெட்டி இல்லையே!

முதலாவது கூகை. வெள்ளை முகம் கொண்ட இந்த ஆந்தை வகைக்குச் செம்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைப்பது மலேசியத் தோட்டக்காரர்களுக்குப் பழகிய முறை. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது தோட்டத்துறையின் கணக்கு. ஆந்தை கத்தினால் சாவு என்று நாம் சொல்வது உண்மைதான், சாவு எலிக்கு. கடுமையான எலி மருந்தை அள்ளி வீசினால், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் சாகும். அப்புறம் எலி பெருகும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானையை விரட்டுவதைவிட, யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குச் சொல்வதே உயிரைக் காத்தது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர் குறுஞ்செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சி, கைப்பேசியால் இயங்கும் சிவப்பு விளக்கு ஆகியவற்றின் வழி எச்சரிக்கை கொடுத்தனர். இதற்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. தோட்டத்து மக்கள் இருட்டில் யானையின் எதிரே போய் நிற்காமல் தடுத்தது ஒரு சிவப்பு விளக்கு.

மூன்றாவது, அனுபவம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மலைப்பாம்புத் தொல்லையால் திணறியபோது, 2017இல் அழைத்தது யாரை? தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். முதல் எட்டு நாளிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவர்கள் நம்பியது பாம்பின் தடத்தைப் படிக்கும் கண்ணை, மின்கருவியை அல்ல. இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நம் வீட்டுக்கு வேண்டிய விரட்டியும் இதே வகைதான். பாம்பு வருவது நம்மைத் தேடி அல்ல. எலி, தவளை, ஒளிய இடம் ஆகியவற்றைத் தேடி. தேங்காய் மட்டைக் குவியல், பழைய பலகை, கோழிக் கூண்டின் அடியில் சிந்திய தீவனம், இரவில் வெளியே விட்ட பூனைச் சோறு ஆகியவற்றை அகற்றினால் வருகை குறையும். கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடைக்கலாம். கழிவுநீர்க் குழாய்க்கு வலை போடலாம். குரங்குக்கு, மூடி இறுகிய குப்பைத் தொட்டி. ஒரு கையால் வாழைப்பழம் கொடுத்துவிட்டு மறு கையால் விரட்டி வாங்குவதில் பயனில்லை.

பணம் போனால் கேட்க இடம் உண்டு

பொய்யான வணிக விவரிப்பு 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். விற்ற பொருள் சொன்ன வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் உரிமை. இணையத்தில் வாங்கியதற்கும் அது பொருந்தும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் புகார் செய்யலாம். ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பது கடினம். ஆகவே வாங்குமுன் விற்பவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரப் படத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பூச்சி மருந்து, எலி மருந்து என்றால் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவான 'எல்ஆர்எம்பி' எண் சிட்டையில் இருக்க வேண்டும். எண் இல்லாத புட்டியை வீட்டுக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

பாம்பு வந்தே விட்டால், தூர நின்று அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு 999க்கு அழையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும் வந்து பிடிப்பார்கள். நம் தோட்டங்களிலுள்ள நாகம் விஷத்தைக் கண்ணை நோக்கித் துப்பக்கூடியது. அப்படிப் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை கால் அசையாமல் பார்த்துக்கொண்டு உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பாம்பென்றால் படையும் நடுங்கும். நடுங்கும் நேரத்தில் கை தானாகப் பணப்பையைத் தேடும் என்பது விற்பவருக்குத் தெரியும். அந்தக் கையில் முதலில் ஒரு விளக்குமாற்றைக் கொடுங்கள்.